'விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்' என்னும் வாதம்

மென்பொருள் வடிவமைப்போரிடையே நெடுங்காலமாக ஒரு வாதம் வழங்கி வருகின்றது. கருவி முதலில் எம்மொழியிற் பேசுவது, எவ்விசைப்பலகையைத் தருவது, பெயரை எவ்வகையில் எழுதச் சொல்வது என்னும் வினாக்கள் எழும்போதெல்லாம், "எதையேனும் ஒன்றை வைத்துவிடுவோம், விரும்பாதவர் அமைப்புகளுக்குட் சென்று மாற்றிக்கொள்ளட்டும்" என்று கூறி அவர்கள் அமைதி கொள்கின்றனர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வாதம் பெருந்தன்மை வாய்ந்தது. எவர் மீதும் எதுவும் திணிக்கப்படவில்லை, கதவு திறந்தே கிடக்கின்றது, விரும்பியவர் நுழையலாம். ஆயின் அக்கதவின் வாயிலில் நிற்பவர் யார், அவர் கையில் உள்ளது என்ன என்று வினவும்போதே இப்பெருந்தன்மை கலைந்துவிடுகின்றது. 'விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்' என்பது சுதந்திரத்தின் மொழியன்று. பொறுப்பினைக் கைகழுவுவோரின் மொழி.

பயனர் எதனையும் தொடாதபோது கருவி தானாகவே மேற்கொள்ளும் நிலை முன்னிருப்பு எனப்படும். பயனர் தாமே மாற்றியமைக்க இடமளிப்பது தெரிவு எனப்படும். இவ்விரண்டும் ஒரு தராசின் இரு தட்டுக்கள் போன்று சமமானவை என்று கருதுவது முதற் பிழை. முன்னிருப்பு யாதொரு முயற்சியுமின்றி எல்லோரையும் சென்றடைகின்றது. தெரிவோ, அது உண்டென்று அறிந்து, இருக்குமிடம் கண்டு, எழுதப்பட்டதை வாசித்து, மாற்றினால் கருவி கெட்டுவிடுமோ என்ற அச்சத்தையும் வென்றவரையே சென்றடைகின்றது. முன்னதற்கு விலை இல்லை. பின்னதற்கு விலை உண்டு. அவ்விலையைக் கொடுக்க இயலாதவர் எவரோ அவரே பெரும்பாலும் அம்மாற்றம் மிகவும் தேவைப்படுபவராக இருக்கின்றார் என்பதே இவ்விடத்து ஊன்றி நோக்கற்பாலது.

இதனைக் காணுதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள மயிலிட்டி மிகப் பொருத்தமான இடம். வடபுலத்தின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய அவ்வூரின் மக்கள் 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. 2017ஆம் ஆண்டு ஜூலையில் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியும் விடுவிக்கப்படும் வரை 27 ஆண்டுகள் அவர்கள் நலன்புரி முகாம்களிலும் பிறர் காணிகளிலும் வாழ்ந்தனர். இவ்விருபத்தேழு ஆண்டுகளும் கணினித் தமிழின் வரலாற்றில் எவ்வாண்டுகள்? 1991இல் ஒருங்குறியின் முதற் பதிப்பில் தமிழுக்குரிய இடம் வரையறுக்கப்பட்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டினை அடுத்துத் தமிழ் 99 விசைப்பலகை தமிழ்நாட்டின் நியமமாயிற்று. 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் இயங்குதளம் தமிழை ஏற்றது. 2008இல் இலங்கைத் தர நியமம் 1326 வெளிவந்தது. 2013இல் அப்பிள் நிறுவனத்தின் கைத்தொலைபேசியிலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. தமிழ் எவ்வாறு கருவியில் எழுதப்படும், எவ்வாறு சேமிக்கப்படும் என்னும் முடிவுகள் யாவும் அம்மக்கள் தம் வாயிற்படியை மிதிக்க இயலாதிருந்த காலத்திலேயே எடுக்கப்பட்டன. ஊருக்குத் திரும்பியவர் கையில் கைத்தொலைபேசி இருந்தது. அதன் முன்னிருப்புகளை வகுத்த சபை எதிலும் அவர் குரல் இருக்கவில்லை.

அத்தகைய கடற்றொழிலாளர் ஒருவரின் கையிலுள்ள கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். அது முதன்முதலாக இயங்கும்போது எம்மொழி வேண்டும் என்று கேட்பதுண்டு. ஆயின் பல வேளைகளில் அவ்வினாவுக்கு விடையளிப்பவர் அதனை விற்ற கடைக்காரர், வாங்கியவர் அல்லர். கடைக்காரர் தமக்குப் பழகிய ஆங்கிலத்தைத் தெரிந்துவிட்டுக் கருவியைக் கையளிக்கின்றார். இனி அதனைத் தமிழுக்கு மாற்ற வேண்டுமாயின், அமைப்புகள் என்னும் பகுதியை ஆங்கிலத்தில் வாசித்தறிந்து, அதனுள் மொழி என்னும் உட்பகுதியை ஆங்கிலத்தில் வாசித்தறிந்து செல்லுதல் வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமையால் தமிழ் வேண்டி நிற்பவர், தமிழைப் பெறுதற்கு ஆங்கிலம் வாசிக்க வேண்டும்! பெட்டியைப் பூட்டித் திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, "விரும்பினால் திறந்துகொள்ளலாம்" என்று கூறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மாற்றாதோர் யாவரும் மாற்ற விரும்பாதோரே என்று வாதிடுவோரும் உளர். முன்னிருப்பில் தங்கிவிடுதலை இவர்கள் சம்மதமாகக் கொள்கின்றனர். இக்கருத்தை உடைத்தெறிதற்கு மென்பொருளுக்கு வெளியே ஒரு சான்று உண்டு. ஜோன்சன், கோல்ட்ஸ்ரைன் என்னும் ஆய்வாளர் இருவர் 2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளின் உடலுறுப்புத் தான முறைகளை ஒப்பிட்டனர். ஜேர்மனியில், தானம் செய்ய விரும்புவோர் தாமே முன்வந்து பதிதல் வேண்டும். அங்கே சம்மதித்தோர் நூற்றுக்கு 12. அயலிலுள்ள, அதே மொழி பேசும் ஒஸ்ரியாவில், மறுப்போரே பதிதல் வேண்டும். அங்கே சம்மதித்தோராகக் கொள்ளப்பட்டோர் நூற்றுக்கு 99.98. எல்லைக்கோட்டின் இருபுறத்தும் வாழ்வோரின் இரக்க குணம் இவ்வளவு வேறுபட்டதென்று எவரும் துணிந்து கூறார். வேறுபட்டது படிவத்தின் முன்னிருப்பு ஒன்றே. உயிரும் உடலும் பற்றிய முடிவிலேயே மக்கள் வைத்த இடத்தில் இருந்துவிடுகின்றனர் என்றால், கைத்தொலைபேசியின் மொழியைப் பற்றிப் பேசுவானேன்? முன்னிருப்பை வகுப்பவர் மக்களின் விருப்பத்தைப் பிரதிபலிப்பவர் அல்லர். பெரும்பாலும் அதனைத் தீர்மானிப்பவர்.

இலங்கைத் தமிழருக்கு இவ்வுண்மை கணினி வந்த பின்னர்தான் தெரியவேண்டும் என்பதில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் ஒரு முன்னிருப்பை வகுத்தது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒரு தெரிவை வழங்கிற்று. அத்தெரிவை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் வெளிவர 1966 வரை சென்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. அந்த 'உம்' என்னும் இடைச்சொல்லில் ஒரு வரலாறே அடங்கியுள்ளது. முதல் வாக்கியத்தில் வைக்கப்பட்டது முன்னிருப்பு. இரண்டாம் வாக்கியத்தில் 'உம்' சேர்த்து வைக்கப்பட்டது தெரிவு. ஏட்டிலே இரு மொழிக்கும் இடம் உண்டு. கந்தோரில் நிற்கும்போது ஒன்று தானாகவே வருகின்றது. மற்றையது கேட்டுப் பெறப்படவேண்டியதாகின்றது. கேட்பவர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கேளாதவர் விரும்பாதவராகக் கணிக்கப்படுவர். சட்டத்தில் இவ்வேற்பாட்டின் குறையைத் தெளிவாகக் காண்போர், அதே ஏற்பாடு மென்பொருளில் வரும்போது அதனைத் தொழில்நுட்ப நுணுக்கம் என்று ஒதுக்கிவிடுவது வியப்புக்குரியது.

விளைவு எழுத்திலே தெரிகின்றது. முதலில் விரியும் விசைப்பலகை ஆங்கில விசைப்பலகை. தமிழ் விசைப்பலகை உள்ளே எங்கோ இருக்கின்றது. அதனைச் சேர்த்தல் வேண்டும். ஆதலால் இளைஞர் தமது தாய்மொழியை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகுகின்றனர். இதனைத் தமிழ்ப் பற்றின்மை என்று கண்டிப்போர் பலர். மேடைகளில் இளைஞரைச் சாடுவதில் அவர்கள் காட்டும் ஊக்கம் பெரிது. ஆயின் விரலுக்கு எது எட்டுகின்றதோ அதையே மனிதர் எழுதுவர். ஆங்கில எழுத்தில் ல, ழ, ள மூன்றும் ஓரெழுத்தாய் மயங்குகின்றன. ந, ன, ண வேறுபாடு மறைகின்றது. குறிலும் நெடிலும் ஊகத்துக்கு விடப்படுகின்றன. ஒரு தலைமுறையின் எழுத்துப் பயிற்சியை இவ்வாறு மாற்றிவிடக்கூடிய முடிவொன்றை, 'எதையேனும் ஒன்று' என்று அலட்சியமாக எடுக்க எவருக்கு உரிமை உண்டு?

அமைப்புகள் என்னும் புகலிடம் இல்லாத காலத்தில் வடிவமைப்போர் இவ்வாறு இருக்கவில்லை. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணம் சுண்டுக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா. 247 எழுத்துக்களை, 26 ஆங்கில எழுத்துக்களுக்காக அமைந்த பொறியொன்றினுள் அவர் அடக்க வேண்டியிருந்தது. உருக்கில் வார்த்த எழுத்தைப் பயனர் விரும்பியவாறு மாற்ற இயலாது. ஆதலால் எவ்வெழுத்துக்குத் தனி விசை, எதனைக் குறிகளைச் சேர்த்து ஆக்குவது என்று ஒவ்வொன்றையும் அவரே ஆய்ந்து முடிவு செய்தல் வேண்டியதாயிற்று. தப்பிச் செல்லும் வழி இல்லாமையே அவரது சிந்தனையைக் கூராக்கிற்று எனலாம். தப்பிச் செல்லும் வழி தாராளமாக உள்ள இக்காலத்திலோ சிந்தனை மழுங்குகின்றது.

அவ்வாறாயின் தெரிவுகளைப் பெருக்கிவிட்டால் யாவும் சீராகுமா? ஆகாது. இதற்கும் தமிழின் அனுபவமே சான்று. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் மழைக்காலத்துக் காளான்கள் போல் முளைத்தன. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையை வைத்திருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பாமினி பெருவழக்குப் பெற்றது. தமிழ் என்னும் சொல்லைப் பாமினியில் எழுதி, அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால், அங்கே தோன்றுவது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. அக்காலத்துத் தமிழருக்குத் தெரிவுச் சுதந்திரம் குறைவற இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கும் வசதியே இருக்கவில்லை. எல்லோரும் ஏற்ற பொது நிலை ஒன்றில்லாத இடத்தில் தெரிவு என்பது பாபேல் கோபுரமே. அந்நோயை மாற்றியது மேலும் ஒரு தெரிவு அன்று. ஒருங்குறி என்னும் பொது முன்னிருப்பு. அதன் அமைப்பில் குறைகாண்போர் உளர்; மெய்யெழுத்தைத் தனியலகாகக் கொள்ளாது, அகரமேறிய மெய்யோடு புள்ளியைச் சேர்த்து ஆக்குவது தமிழிலக்கண மரபுக்கு மாறானது என்னும் அவர்களது கண்டனம் நியாயமானதே. எனினும் குறையுள்ள பொது நிலை, குறையற்ற நூறு தனி நிலைகளிலும் மேலானதாயிற்று.

தெரிவுகளுக்கு வேறொரு விலையும் உண்டு. ஆம், இல்லை என இரு நிலைகள் கொண்ட 10 தெரிவுகள் ஒரு மென்பொருளில் இருப்பின், அது 1,024 வெவ்வேறு நிலைகளை அடையக்கூடும். 20 தெரிவுகள் இருப்பின் 10 இலட்சத்துக்கும் மேல். இவற்றுள் ஒவ்வொன்றையும் பரிசோதித்துப் பார்ப்பவர் எவருமிலர். ஆதலால் ஒவ்வொரு புதிய தெரிவும், எவரும் பரிசோதியாத நிலையொன்றுக்குள் பயனரைத் தள்ளிவிடும் வாய்ப்பைப் பெருக்குகின்றது. அந்நிலையில் அகப்பட்டவருக்கு உதவ வருபவரும் குழம்புவர். இருவர் கருவிகள் ஒன்றுபோல் இருப்பதில்லையன்றோ?

இவ்வுண்மையை உணர்ந்த க்னோம் என்னும் கட்டற்ற மென்பொருட் குழுவினர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது இரண்டாம் பதிப்பில் தெரிவுகள் பலவற்றை நீக்கினர். ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு விலை உண்டு என்பது அவர்களுள் ஒருவரான ஹவொக் பெனிங்டனின் வாதம். லினக்ஸின் கர்த்தாவான லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதனை வெகுண்டு கண்டித்தார். பயனர்களை மூடராகக் கருதுவோர் செய்யும் மென்பொருளைப் பயன்படுத்துவோரும் மூடரே ஆவர் என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம். இவ்விரு தரப்பினரும் ஒன்றை மறந்தனர். இருவரும் பேசியது கணினியை நன்கறிந்த பயனரைப் பற்றியே. அவர் தெரிவை இழந்தால் சினம் கொள்வார். வேறொரு மென்பொருளை நாடுவார். சினம் கொள்ளவும் வேறொன்றை நாடவும் வழியற்றவர் அவ்விவாதத்தில் இடம்பெறவேயில்லை.

பயனரை அறியாமல் முடிவெடுப்பதன் கேட்டினைப் பெயர்ப் படிவம் காட்டுகின்றது. தந்தையின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதுவது யாழ்ப்பாணத்து வழக்கு. உலகெங்கும் பரவிய மென்பொருட் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை வைத்து இரண்டையும் நிரப்பாமல் மேலே செல்ல விடுவதில்லை. குடும்பப்பெயர் என்றொன்று இல்லாதவர் எதனை எழுதுவார்? தந்தையின் பெயரை எழுதினால் வெளிநாட்டு வைத்தியசாலையில் மகளைத் தந்தையின் பெயர் சொல்லி அழைக்கின்றனர். மேலும், தந்தை தன் தந்தையின் பெயரையும் மகன் தன் தந்தையின் பெயரையும் இக்கட்டத்தில் எழுதுவதால், ஒரே குடும்பத்தவரின் 'குடும்பப்பெயர்கள்' வேறுபடுகின்றன. இங்கே முன்னிருப்பு கட்டாயமாகவே இறுகிவிட்டது. ஒரு சமுதாயத்தின் வழக்கை மனிதகுலத்தின் வழக்காகக் கொண்டு வகுத்த முடிவு இது. ஆகவே முடிவெடுப்பது நன்று என்பது போதாது. எவரைக் கண்டறிந்து முடிவெடுக்கப்படுகின்றது என்பதே வினா.

கடலிலோ இவ்வினா உயிரோடு தொடர்புடையது. படகில் உள்ள ஜீ.பீ.எஸ். கருவி இடத்தைப் பாகையும் கலையுமாகக் காட்டலாம். கைத்தொலைபேசியின் வரைபடம் தசமப் பாகையாகக் காட்டலாம். இரண்டும் அமைப்புகளில் மாற்றக்கூடியவை. மயிலிட்டிக்கு வடக்கே 9 பாகை 55 கலை அகலாங்கில் இயந்திரம் பழுதுற்ற படகொன்று, "ஒன்பது, ஐம்பத்தைந்து" என்று கரைக்கு அறிவிப்பதாகக் கொள்வோம். கேட்பவர் அதனை 9.55 தசமப் பாகை என்று பதிந்தால், ஒரு கலை ஒரு கடல்மைலாதலின், பிழை 22 கடல்மைல். ஏறத்தாழ 40 கிலோமீற்றர். தேடப்படும் இடம் குடாநாட்டையே கடந்து தென்புறத்தில் விழும். இரு கருவியும் பிழையற்றவை. இரு தெரிவும் செல்லுபடியானவை. படகு மட்டும் அங்கில்லை. இத்தகைய இடத்தில் 'விரும்பினால் மாற்றலாம்' என்பது வசதியன்று, பொறி.

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பிழைத்தால் உயிருக்கோ உரிமைக்கோ கேடு விளையும் இடத்தில் ஒரே நிலையை வகுத்து, அதன் அலகையும் கண்ணிற்படுமாறு எழுதிவைத்தல் வேண்டும். அங்கே தெரிவுக்கு இடமில்லை. இரண்டாவது, மக்கள் மரபினாலும் பயிற்சியினாலும் உண்மையாகவே வேறுபடும் இடத்தில் தெரிவு தருதல் வேண்டும். விசைப்பலகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டிற் பயின்றவர் உயிர் இடப்புறமும் மெய் வலப்புறமும் அமைந்த தமிழ் 99இனை நாடுவார்; தட்டச்சு மரபில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகையே இலங்கைத் தர நியமத்தில் இடம்பெற்றது; புலம்பெயர்ந்த இளைஞர் ஒலிபெயர்ப்பு முறையை விரும்புவார். 2000ஆம் ஆண்டின் விண்டோஸ், இம்மூன்றினையும் விடுத்து, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்ட் அமைப்பைத் தமிழுக்கு வைத்தது. எவர் கைக்கும் பழகாத ஒன்றை எல்லோர்க்கும் முன்னிருப்பாக்கியது. 2013இல் அப்பிள் நிறுவனம் தமிழ் 99, அஞ்சல் என்னும் இரண்டையும் அருகருகே வைத்தது அதனினும் பன்மடங்கு அறிவுடைய செயல். ஆயின் இத்தெரிவினை அமைப்புகளின் அடியாழத்திற் புதைத்தலாகாது. தொடக்கத்திலேயே, பயனரின் எழுத்திலேயே, பயனரையே கேட்டல் வேண்டும். மூன்றாவது, எஞ்சிய எவ்விடத்தும், மாற்றும் வலிமை மிகக் குறைந்தவருக்கு ஏற்ற நிலையே முன்னிருப்பாதல் வேண்டும். ஆங்கிலம் அறிந்தவர் தமிழ் முன்னிருப்பை நொடியில் மாற்றிக்கொள்வார். தமிழ் மட்டுமறிந்தவர் ஆங்கில முன்னிருப்பை மாற்றுதற்குப் பிறரை நாடவேண்டும். இவ்விருவருள் எவர் மீது சுமையை ஏற்றுவது என்பதற்கு விடை காண்பது அரிதன்று.

இம்மூன்றாம் விதிக்கு எதிராக ஒன்று கூறப்படும்: பெரும்பான்மையோர்க்கு ஏற்றதே முன்னிருப்பாக வேண்டும் என்பர். எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் சிறுபான்மையோர் என்றும் அமைப்புகளுக்குள்ளேயே வாழவேண்டியவராவர். தமிழ் மாவட்டமொன்றின் அரச அலுவலகத்துக்கென ஆக்கப்படும் மென்பொருளும், நாட்டின் முழு எண்ணிக்கையைக் காட்டி வேறொரு மொழியை முன்வைக்கும். முன்னிருப்பு எண்ணிக்கைக்குத் தரப்படும் பரிசன்று. இயலாமையோடு செய்துகொள்ளும் நீதி.

பல்கலைக்கழகத்தார்க்கு இதில் ஒரு கடமை உண்டு. மென்பொருள் வடிவமைப்பு கணினித்துறை மாணவரின் தனிச்சொத்து என்று கலைப்பீடத்தார் ஒதுங்கியிருத்தல் தகாது. மொழியியலார், சமூகவியலார், சட்டம் பயில்வோர் ஆகியோர் அறியவேண்டிய வினாக்களே இவை யாவும். அவ்வாறே கணினித்துறையார் தம் மென்பொருளை விரிவுரை மண்டபத்தில் மட்டும் பரிசோதித்து நிறைவு கொள்ளுதலும் தகாது. மயிலிட்டித் துறையில் வலை பிரிப்பவரிடமும், பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்பவரிடமும் அதனைக் கொடுத்து, யாதொன்றையும் விளக்காமல் அருகில் நின்று பார்த்தல் வேண்டும். அவர் தொடாமல் விட்டது எது, எங்கே தயங்கினார், எவரை உதவிக்கு அழைத்தார் என்பன, அமைப்புகளில் எத்தனை தெரிவுகள் உள்ளன என்பதைக் காட்டிலும் அம்மென்பொருளின் தரத்தை உள்ளவாறு உரைக்கும்.

முடிவெடுக்கும் சிரமத்தைத் தாம் தவிர்த்து, அதனைப் பயனரின் தலையிற் சுமத்திவிட்டு, அச்செயலுக்குச் சுதந்திரம் என்று பெயரிடுவோரை இனியும் தாராள மனத்தினர் என்று போற்றுதல் வேண்டா. முன்னிருப்பு ஒவ்வொன்றும் எவரோ ஒருவர் எடுத்த முடிவே. அம்முடிவை எடுத்தவர் அதற்குப் பொறுப்பேற்று விடை கூறட்டும்.